ஒன்பதாம் சூளையின் சுவர்

முதல் கட்டடத்தின் மேற்குச் சுவர்மீது இயந்திரத்தின் இரும்புக்கை முதன்முறையாக இறங்கிய காலையில், உடைந்த செங்கற்களிலிருந்து தூசுக்கு முன்பாகப் புகை வந்தது. நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கற்களைச் சுட்ட சூளையிலிருந்து எழுந்து, ஆற்றங்கரைப் பனைகளுக்கு மேலே சென்று மறைந்துவிட்டதாக எல்லாரும் எண்ணியிருந்த அதே புகை, அதே அளவில், அதே மணத்தில், ஒவ்வொரு கல்லிலிருந்தும் அந்தக் கல்லுக்குரிய பங்காகப் புறப்பட்டு, உப்பளத் தொழிலாளர் குடியிருப்பின் முற்றத்தில் முருங்கைமர உயரத்திற்கு எழுந்து, அங்கேயே நின்றது. கடற்காற்று அதை அசைத்ததே தவிரக் கலைக்கவில்லை. இயந்திரத்தை ஓட்டியவர் கீழே இறங்கி, கற்குவியலை ஒருமுறை சுற்றிவந்து, எங்கும் நெருப்பில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மீண்டும் ஏறி அமர்ந்தார். மாலைக்குள் முடிக்கவேண்டிய சுவர் இன்னும் பாதிக்குமேல் மீதியிருந்தது.

அந்தக் கட்டடம் முழுவதும் விழுந்து முடிய இருபத்தாறு நாட்கள் ஆயின. இருபத்தாறு நாட்களுக்குள் குடியிருப்பு புகைக்குப் பழகிவிட்டது. பெண்கள் துணிக்கொடிகளைக் கிழக்கே மாற்றிக் கட்டினார்கள், அஞ்சல்காரர் முற்றத்தைக் கடக்கையில் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார், பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள், எந்தப் பிள்ளை எந்தக் கட்டடத்துப் பிள்ளை என்பதைத் தலைமுடியின் மணத்தைக் கொண்டே சொன்னார்கள், கொசு ஒழிந்தது, கடற்கரையிலிருந்து இரண்டு மீன்காரர்கள் வந்து, ஈரக் கயிற்றில் மீன்களைக் கோத்து, புகையின் ஓரமாகத் தொங்கவிட்டுப் போனார்கள். சூளைப் பக்கத்து ஊர்களில் பிறந்தவர்கள் முற்றத்தில் நின்று மூக்கை உயர்த்தி, மேல்தளத்துக் கல் நிலக்கடலைத் தோலில் வெந்தது, நடுத்தளத்துக் கல் காய்ந்த பருத்திச்செடி மாரில் வெந்தது, கீழ்த்தளத்துக் கல் முழுக்க முழுக்க உடைமர விறகு என்று பிரித்துச் சொல்ல, மற்றவர்கள் ஊர்ப்பேச்சுக் கேட்பதைப்போல நின்று கேட்டார்கள். ஆனால் சுகாதார நிலையத்தில் இருமல் மருந்து தீர்ந்துபோயிற்று. அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேறிய குடும்பமொன்றின் கைக்குழந்தையை மூச்சிரைப்போடு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐப்பசி மழை மூன்று நாட்கள் விடாமல் பெய்து, புகையைக் கரைத்துக் கடலுக்கு இழுத்துச் சென்றது. அடுத்த பருவத்தில் உப்பளத்தில் வாரிய முதல் உப்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை.

ஆகவே இரண்டாம் கட்டடத்தை இடிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அதிலிருந்த நாற்பத்தெட்டு வீட்டாரும் முன்போல உடனே தலையாட்டவில்லை. இடித்து எட்டு மாடி எழுப்பித் தருவதாகச் சொன்ன கட்டுமான நிறுவனத்தாரின் வண்ணப்படம் சங்க அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழேயே நாற்காலி போட்டு அமர்ந்து, வீட்டுவசதி வாரியம் அனுப்பிய பொறியாளர் ஜெயரூபி வேறொரு படத்தை விரித்தார். சுவர்கள் நிற்கும், அரித்த தூண்களைச் சுற்றிப் புதிய கம்பியும் கான்கிரீட்டும் உறைபோல ஏறும், பின்புறம் ஒரு நடைக்கூடம் ஒட்டிக்கொள்ளும், தலைக்குமேல் எடை குறைந்த இரும்புச் சட்டத்தில் பன்னிரண்டு வீடுகள் எழும். முதல் கட்டடத்திலிருந்து வெளியேறி, வாடகைக்கும் வழியின்றி, உப்புக்கிடங்கின் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பன்னிரண்டு குடும்பங்களுக்கு அந்த வீடுகள்.

சங்கத் தலைவர் குணசீலன் படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இடிக்காம மேல கட்டுதது சரி. இதுல நமக்கு என்ன லாபம்னு சனங்க கேப்பாங்கம்மா."

"இடிச்சா இதுக்குள்ள இருக்க புகை உங்க முத்தத்துல நிக்கும், அண்ணாச்சி. புதுசாக் கட்டணும்னா புதுசா கல்லு சுடணும், சிமெண்டு சுடணும், கம்பி உருக்கணும். அந்தப் புகை இன்னொரு ஊருக்கு மேல போய் நிக்கும். மத்த ஊருல இந்தப் புகையெல்லாம் என் காகிதத்துல வெறும் கணக்காத்தான் இருக்கும். யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க கண்ணால பாத்துட்டீங்க."

"கண்ணால மட்டுமா? எங்க வீட்டு இட்லியில கூட இருந்துச்சு" என்றாள் மூன்றாம் வரிசையிலிருந்த செல்லக்கிளி. அறை சிரித்தது. சிரித்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

விதி ஒன்று இருந்தது: எதைச் செய்வதானாலும் நாற்பத்தெட்டு வீடுகளும் ஒப்பவேண்டும். பத்து நாட்களுக்குள் நாற்பத்தேழு வீடுகள் ஒப்பின. முதல் மாடியின் வடகோடி வீட்டிலிருந்த தங்கபுஷ்பம் மட்டும் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அறுபத்துநான்கு வயது, பிள்ளைகள் இல்லை, முப்பது ஆண்டுகள் உப்பு வாரி, கால்பெருவிரல் நகங்கள் இரண்டும் உதிர்ந்தவள், ஒருநாளும் எவரோடும் வம்புக்குப் போகாதவள். அவள் சொன்னது ஒரே சொல்: "இடிக்கட்டும்."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. ஆகவே மற்றவர்கள் சொன்னார்கள். புது வீட்டு ஆசை என்றார் குணசீலன். கொட்டகையிலிருந்த பெண்கள் தண்ணீர்க்குழாயடியில் அவளுக்கு முறை விட மறுத்தார்கள். அடுத்த வீட்டுச் செல்லக்கிளி மட்டும் வாசலில் வந்து நின்று நேராகவே கேட்டாள்.

"என்ன மைனி, எட்டாவது மாடியில ஏறி உக்காந்து கப்பல் பாக்கணும்னு ஆசையாக்கும்?"

"ஆமா. உன் வீட்டுக்காரரு வேலைக்குத்தான் போறாரா, வேற எங்கயும் போறாரான்னு அங்கேருந்து பாத்தாத்தான் தெரியும்."

"அது கீழ இருந்தே தெரியும், விடுங்க. கொட்டாயில அந்தக் கைப்பிள்ளை இன்னும் இழுத்துக்கிட்டுக் கெடக்கு, மைனி. ஒங்க ஒரு கையெழுத்துதான்."

தங்கபுஷ்பம் உள்ளே போய் அடுப்பைத் தூண்டினாள். செல்லக்கிளி போனபிறகு, அடுப்புக்குப் பின்னாலிருந்த வடக்குச் சுவரில் நெற்றியை வைத்து வெகுநேரம் நின்றாள்.

ஜெயரூபி அந்த வீட்டுக்கு வந்தது கையெழுத்துக்காக அல்ல. பழைய சுவர்கள் எவ்வளவு எடை தாங்கும் என்பதை அறியப் பன்னிரண்டு இடங்களில் துளையிட்டு, ஒரு சாண் நீளத்தில் செங்கல் உருளைகளை வெட்டியெடுத்து, ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்கவேண்டும். அதற்காக அவர் கட்டடம் முழுவதும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே வந்தார். முதல் மாடி நடையில் ஒரு வட்டம் போட்டபோது, தங்கபுஷ்பம் கதவைத் திறந்து, "அந்தத் துளையை எங்க வீட்டுக்குள்ள போடுவியா, தாயி?" என்று கேட்டாள்.

"துளைச்சா கொஞ்சம் புகை வரும், அம்மா. வீட்டுக்குள்ள வேண்டாம்னுதான் வெளிய போடுறேன்."

"புகைதான் வேணும்."

பிறகு அவள், அடுப்படியில் ஒரு பலகையில் அவரை உட்காரவைத்து, நாற்பத்தோரு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அவள் கணவர் சுயம்புலிங்கம் ஆற்றங்கரைச் சூளையில் தீ மூட்டுபவர். இந்தக் குடியிருப்புக்கான கற்கள் அனைத்தும் அவர் கைத்தீயில் வெந்தவை. ஒவ்வொரு சூளைக்கும் ஓர் அடையாளமாகப் பச்சைக்கல்லில் பெருவிரலை வெவ்வேறு இடத்தில் அழுத்தி வைப்பார். ஒன்பதாம் சூளைக்கு மூலையில் இரட்டை அழுத்தம். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சூளைக்குத் தீ வைக்கும் நாளில், மூட்டுபவரின் மனைவி ஒரு பிடி அரிசியும் ஒரு துண்டு மஞ்சளும் ஒரு கல் உப்பும் துணியில் முடிந்து அனுப்பவேண்டும். அது சூளையின் வாய்க்குள் போனபிறகுதான் தீ உள்ளே போகும். முதலில் ஊட்டாவிட்டால் நெருப்பு தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பார்கள்.

ஒன்பதாம் சூளைக்கு அவள் அந்த முடிச்சை அனுப்பவில்லை.

அவள் தம்பியின் திருமணத்திற்கு வருவதாகச் சொன்னவர், பச்சைக்கல் நனைந்துவிடும் என்று சூளையிலேயே தங்கிவிட்டார். கல்யாணப் புகைப்படம் எடுக்கையில் அவள் மட்டும் தனியாக நின்றாள். திரும்பிவந்த இரவில் சண்டை. அவர் சாப்பிடாமல் படுத்தார். விடியுமுன் எழுந்து போனார். நண்பகலில் அவள் சோறும் கருவாட்டுத் துவையலும் தூக்குச்சட்டியில் போட்டு, அந்த ஊரில் அடுத்த வீட்டிலிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். முடிச்சை மட்டும் வேண்டுமென்றே வைக்கவில்லை; பொங்கிப்போட்டதே போதும் என்று நினைத்தாள். மாலையில் சட்டி காலியாகக் கழுவித் திரும்பிவந்தது.

"சண்டைன்னாலும் சோத்தை மட்டும் விடல பாருன்னு சிரிச்சேன்" என்றாள் தங்கபுஷ்பம். "அந்தச் சிரிப்புலயே கோவமும் போயிட்டு. மறுநாள் விடிஞ்சதும் அரிசியும் மஞ்சளும் முடிஞ்சு நானே கொண்டு போனேன். பாதி வழியில சேதி சொல்ல ஆளு எதிர வந்துட்டு."

இரவெல்லாம் தீ காத்தவர், காலையில் மேலேறி, வெடித்த இடத்தைச் சேறு பூசி மூடும்போது, மேல்வரிசை சரிந்து உள்ளே போய்விட்டார். சூளையை அணைக்க முடியாது. அது ஒன்பது நாட்கள் எரிந்தது. ஆறியபின் பிரித்தபோது அவருடைய வெள்ளி அரைஞாண்கூட அகப்படவில்லை. ஆனால் கற்கள் நன்றாக வெந்திருந்தன. தட்டினால் மணிபோல ஒலித்தன. ஒப்பந்தக்காரர் அவற்றை வண்டியேற்றினார். அவளுக்கு வேறு பிழைப்பில்லை. கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்தாள். மூலையில் இரட்டை அழுத்தமுள்ள கற்களைத் தலையில் சுமந்து முதல் மாடிக்கு ஏற்றியவள் அவளேதான். கொத்தனார் அவற்றை எந்தச் சுவரில் வைத்தார் என்று அவளுக்குத் தெரியும். வீடுகள் ஒதுக்கியபோது இந்த வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"முடிச்சு இல்லாம அவரு தீ வைக்க மாட்டாரு. அதுல அவரு கறாரு. அப்ப கடையில வாங்கிப் போட்டாரா, இல்ல என் மேல உள்ள கோவத்துல ஒண்ணும் போடாமலே வச்சாரா? மஞ்சள் வாசனை வந்தா, வாங்கிப் போட்டிருக்காருன்னு அர்த்தம். வரலைன்னா..." அவள் நிறுத்தினாள். "எப்படியோ, சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. வயித்தைக் காயப்போடல. அது ஒண்ணை வச்சுத்தான் இத்தனை வருசம் இருந்துட்டேன். மத்ததையும் தெரிஞ்சுக்கணும், தாயி. சுவரு உடைஞ்சாத்தான தெரியும்?"

எடைக்கும் இறுக்கத்திற்கும் சூத்திரங்கள் அறிந்த ஜெயரூபி சுண்ணக்கட்டியோடு எழுந்தார். நடையில் போட்ட வட்டத்தைப் புறங்கையால் அழித்துவிட்டு, அடுப்புக்குப் பின்னால் வடக்குச் சுவரில் புதிதாக ஒன்று வரைந்தார்.

வியாழக்கிழமை காலை துளைக்கருவி வந்தது. மற்றப் பதினொரு துளைகளிலும் ஊதுவத்தியளவு புகை வந்து அடங்கியிருந்ததால் ஒருவரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மஞ்சள் முடிச்சின் செய்தி எப்படியோ பரவி, அடுப்படியிலும் கூடத்திலும் நடையிலும் மாடிப்படியிலுமாகக் குடியிருப்பே வந்து நின்றது. கொட்டகைப் பெண்களும் வந்தார்கள், மூச்சிரைக்கும் குழந்தையைத் தெருவிலேயே ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தபோது, மூலையில் இரண்டு விரல்குழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தங்கபுஷ்பம் அவற்றைத் தொடவில்லை. கருவி சுழன்று உள்ளே போய், உருளையைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது.

துளையிலிருந்து புகை நூலாக இறங்கி, பிறகு நிமிர்ந்தது. முதலில் பனையோலையின் மணம் வந்தது; தீ அதில்தான் தொடங்கும். எல்லாரும் மஞ்சளுக்காகக் காத்திருந்தார்கள். நாற்பத்தேழு வீட்டாரும் அந்த ஒரு துண்டு மஞ்சளைத் தங்கள் மூச்சாலேயே இழுத்துக் கொண்டுவந்துவிடுபவர்கள்போல நின்றார்கள். மஞ்சள் வரவில்லை. சோறு தீயும் மணம் வந்தது. அதன் பின்னால், சுட்ட தேங்காயும் பூண்டும் புளியும் நெத்திலியும் ஒன்றாகக் கருகும் மணம் வந்து, அடுப்படியை நிறைத்து, கூடத்தை நிறைத்து, படியிறங்கிற்று.

"கருவாட்டுத் துவையல்" என்று சொல்லிவிட்ட செல்லக்கிளி, சொன்ன வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் துளையையே பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் நேரவில்லை. பிறகு ஜெயரூபியின் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோலக் கேட்டாள்: "அப்ப அவரு சாப்பிடலியா?"

பொறியாளர் உருளையைக் கீழே வைத்தார்.

"முடிச்சுக்குப் பதிலா அதைப் போட்டுட்டாரா? நான் அனுப்பலன்னு யாருகிட்டயும் சொல்லாம, சட்டியை அப்படியே தீயில கவுத்திட்டுக் கழுவி அனுப்பிட்டாரா? முந்தின ராத்திரியும் சாப்பிடலியே. ரெண்டு ராத்திரி, ஒரு பகலு. பசியில கண்ணு இருட்டித்தான்..." கூடத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராக அவள் பார்த்தாள். "நான் சிரிச்சேன். சட்டியைப் பாத்துச் சிரிச்சேன்."

செல்லக்கிளி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். புகை நிற்கவில்லை, இரவு முழுவதும் எரிந்த உடைமரத்தின் மணம் வெகுநேரம், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, பிறகு ஈரச்சேறு காயும் மணம் வந்தது, அதன் பின்னால் வேறொன்று வந்தது. அதற்குப் பெயர் உண்டு; அங்கிருந்த அத்தனைபேரும் சுடுகாட்டில் அதை அறிந்தவர்கள்; ஒருவரும் சொல்லவில்லை. குணசீலன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் எடுத்தார்கள்.

தங்கபுஷ்பம் இரண்டு உள்ளங்கைகளையும் துளையின்மேல் வைத்து அழுத்தினாள். விரலிடுக்குகளில் கசிந்ததை முந்தானையால் அடைத்தாள்.

"போதும். அடைச்சிரு, தாயி."

"நீங்க முழுச்சுவரும் இடிக்கணும்னு..."

"இடிச்சா எங்க போவாரு? முத்தத்துல நிப்பாரு. மழை பெஞ்சா கடலுக்குப் போயிருவாரு. அவரை இந்தத் தலையில சுமந்து ஏத்தியிருக்கேன், தெரியாமத்தான் சுமந்தேன். உள்ளேயே இருக்கட்டும். சீக்கிரம் அடைச்சிரு."

நசுக்கிச் சோதிக்கவேண்டிய உருளையை ஜெயரூபி சோதனைப்பெட்டியில் வைக்கவில்லை. அதை வந்த திசையிலேயே திருப்பித் துளைக்குள் செலுத்தி, சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்தை விரலால் திணித்து மூடினார். வாரியத்தில் பிற்பாடு, பன்னிரண்டு துளைகளுக்குப் பதினொரு முடிவுகள்தானே இருக்கின்றன என்று மேலதிகாரி கேட்டபோது, அந்தச் சுவர்மீது எடை ஏற்றப்போவதில்லை என்று சொல்லி, அவ்வாறே வரைபடத்தைத் திருத்தி, மேல்தளத்தின் சுமை முழுவதையும் புதுத்தூண்களுக்கு மாற்றினார்.

தங்கபுஷ்பம் அன்றே கையெழுத்துப் போட்டாள். தாளில் இலேசாகக் கரி படிந்திருந்தது.

வேலை பதினான்கு மாதங்கள் நடந்தது. தூண்கள் தடித்தன, நடைக்கூடம் ஒட்டிக்கொண்டது, தலைமேல் பன்னிரண்டு வீடுகள் ஏறின, மூச்சிரைத்த குழந்தை அங்கே நடக்கப் பழகி, இப்போது காலையெல்லாம் ஓடுகிறது. ஒரு கல்லும் உடையவில்லை. சங்கத்தின் பராமரிப்பு ஏட்டில், குழாய், மின்கம்பி, தண்ணீர்த்தொட்டி என்ற தலைப்புகளுக்குப் பின்னால், குணசீலன் தம் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: முதல் மாடி வடகோடி வீட்டின் வடக்குச் சுவரில், எக்காலத்திலும், எவர் குடியிருந்தாலும், ஆணி அடித்தல் கூடாது. காரணம் எழுதவேண்டிய கட்டத்தில், "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று இருக்கிறது.

பின்னொரு நாள் மேற்பார்வைக்கு வந்த ஜெயரூபியிடம், தங்கபுஷ்பம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தச் சுவரு இன்னும் எத்தனை வருசம் நிக்கும், தாயி?"

"அம்பது வருசம் நிக்கும், அம்மா. ஒழுங்காப் பாத்துக்கிட்டா இன்னும் கூட நிக்கும்."

"அம்பது வருசமா" என்றாள் அவள். "அத்தனை நாளும் பசியோடயா?"

அவள் தினமும் நண்பகலில், அதே தூக்குச்சட்டியில் சூடாகச் சோறு போட்டு, மேலே துவையலை வைத்து, மூடி, சுண்ணாம்பு வட்டத்திற்குக் கீழே வைத்துவிட்டு, வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மேல்மாடிக் குழந்தை ஓடுகிறது. செல்லக்கிளி யாரையோ ஏசுகிறாள். உப்பு லாரிகள் போகின்றன. மாலையானதும் அவள் உள்ளே போய், மூடியைத் திறந்து பார்க்கிறாள். சட்டி வைத்தபடியே நிறைந்திருக்கிறது.